செய்தியிலிருந்து சட்டப்பிரிவுக்கு: சிங்கப்பூர் மாணவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் கற்பிக்கும் ஒரு முறை

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து வரிசையாக நடத்திக்கொண்டு போனால், மாணவர்களின் கவனம் சில வகுப்புகளிலேயே கலைந்துவிடும். அதே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 2025 மே 3 அன்று நடந்த பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி பத்து இடங்களில் வென்றது, தோற்ற வேட்பாளர்களில் இருவரும் நாடாளுமன்றத்துக்குச் சென்றார்கள், ஏன் இருவர் மட்டும், ஏன் மூவர் இல்லை? இப்போது அவர்களுக்குச் சட்டம் தேவைப்படுகிறது. தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர்கள், அதாவது தோற்றும் நாடாளுமன்றத்துக்குச் செல்லும் எதிர்க்கட்சி வேட்பாளர்கள், பன்னிருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 39ஆம் பிரிவு உச்சவரம்பு வைக்கிறது. அந்தப் பன்னிரண்டிலிருந்து வென்ற எதிர்க்கட்சியினரின் எண்ணிக்கையைக் கழிக்கும் கணக்கோ நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சாதாரணச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது என்ற அடிப்படைப் பாடம், ஒரு கழித்தல் கணக்கில் முடிந்துவிடுகிறது.

தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும், சட்டப் படிப்பின் முதலாண்டில் இருப்பவர்களுக்கும், வார இறுதிகளில் தமிழ் விவாதக் குழுக்களை நடத்துபவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இந்த வழிமுறையை எழுதுகிறேன். இதன் மையக் கருத்து ஒன்றுதான்: செய்தி வகுப்பைத் தொடங்கி வைக்கலாம், ஆனால் வகுப்பு சட்டப்பிரிவின் சொற்களில்தான் முடிய வேண்டும். செய்தியில் தொடங்கிச் செய்தியிலேயே முடியும் வகுப்பு, நடப்பு விவகாரங்களைப் பற்றிய அரட்டையாகத் தங்கிவிடும். மாணவர்கள் உள்ளே வந்தபோது வைத்திருந்த கருத்துகளையே சற்று உறுதியாக எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள்.

எந்தச் செய்தியை எடுப்பது

பரபரப்பான செய்தியெல்லாம் நல்ல பாடமாகாது. ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கும் முன், அரசமைப்புச் சட்டத்தின் ஏதாவது ஒரு சொல் வேறாக இருந்திருந்தால் அந்த நிகழ்வின் முடிவும் வேறாகியிருக்குமா என்று பாருங்கள். ஆகியிருக்கும் என்றால் அந்தச் செய்தி வகுப்புக்கு உரியது. இல்லையென்றால் எவ்வளவு சூடான விவகாரமாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

இதற்குப் பொருத்தமான ஒரு பயிற்சியை முதல் வகுப்பிலேயே கொடுக்கலாம். 2025 பிப்ரவரியில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங்குக்கு, நாடாளுமன்றக் குழுவின் முன் பொய் சொன்னதாகத் தொடரப்பட்ட இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 7,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மொத்தம் 14,000 வெள்ளி. 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் விதிக்கப்பட்டவர் உறுப்பினராக இருக்கும் தகுதியை இழப்பார் என்கிறது 45ஆம் பிரிவு. 2022க்கு முன்பு அந்த வரம்பு 2,000 வெள்ளியாக இருந்தது. இந்தத் தகவல்களை மட்டும் கொடுத்து, அவர் பதவியிழக்க வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் உடனே கூட்டிப் பார்ப்பார்கள். பிறகு பிரிவின் வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: "ஒரு குற்றத்துக்காக" என்று ஒருமையில் இருப்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். ஒரே குற்றத்துக்கான அபராதம் அந்த வரம்பைத் தொட வேண்டும் என்பதே தேர்தல் துறை அளித்த விளக்கமும். அவர் அந்த ஆண்டுத் தேர்தலில் நின்றார், வென்றார். கட்சிச் சார்பு எதுவும் தலைகாட்டாமல், வாசகத்தைக் கூர்ந்து படிக்கும் பழக்கம் இப்படித் தொடங்குகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் அவசியம். நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கை வகுப்பின் மையமாக வைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம், நிலுவையில் உள்ள வழக்கைப் பாதிக்கக்கூடிய வெளியீடுகளையும் நீதித்துறையின் மதிப்பைக் குலைக்கும் பேச்சையும் அவமதிப்பாகக் கருதுகிறது. வகுப்பில் நியாயமாக விவாதிப்பதை அது தடுக்கவில்லை. ஆயினும் விவாதத்தின் ஒரு துண்டு காணொளியாகச் சமூக ஊடகத்தில் ஏறிவிட்டால், பதினேழு வயது மாணவர் ஒருவர் தேவையில்லாத சிக்கலில் மாட்டிக்கொள்வார். நடப்பு வழக்கு ஒன்று எல்லார் வாயிலும் அடிபடும்போது, அதே சட்டப்பிரிவைத் தொட்ட பழைய வழக்கைத் தேடி எடுத்து அதை நடத்துங்கள். மாணவர்கள் புதியதைத் தாங்களாகவே ஒப்பிட்டுக்கொள்வார்கள். தீர்ப்பு வந்துவிட்ட பழைய செய்தியே பெரும்பாலும் புதிய செய்தியைவிட நல்ல பாடம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு விடை இருக்கிறது, அந்த விடைக்குக் காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, அந்தக் காரணங்களோடு மாணவர் முரண்படவும் முடிகிறது.

ஒரு மாதிரி வகுப்பு: ஹவ்காங்

ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றுக்கு ஹவ்காங் இடைத்தேர்தல் விவகாரத்தைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியவில்லை. 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதியின் (ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) உறுப்பினரைப் பாட்டாளிக் கட்சி நீக்கியது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் இடமிழப்பார் என்று 46ஆம் பிரிவு சொல்வதால் தொகுதி காலியானது. இடைத்தேர்தல் எப்போது என்று பிரதமர் உடனே அறிவிக்கவில்லை. அத்தொகுதியில் வசித்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், துப்புரவுப் பணி செய்து பிழைத்தவர், பிரதமர் இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனார். தமிழ் மாணவர்களுக்கு இந்த விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டம் வழக்கறிஞர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரியது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது.

முதல் பத்து நிமிடங்களுக்கு நிகழ்வை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள். பிறகு 49ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை ஆங்கில மூலத்திலேயே பலகையில் எழுதி, தமிழில் விளக்குங்கள்: நாடாளுமன்றக் கலைப்பு தவிர்த்த எந்தக் காரணத்தாலும் ஓர் உறுப்பினரின் இடம் காலியானால், அந்தக் காலியிடம் தேர்தல் மூலம் நிரப்பப்பட வேண்டும். காலக்கெடு எதுவும் அந்த வாசகத்தில் இல்லை. இப்போது வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு அந்தப் பெண்மணிக்காக வாதாடட்டும், ஒரு குழு தலைமைச் சட்ட அதிகாரிக்காக வாதாடட்டும், மூவர் நீதிபதிகளாக அமரட்டும். பிரதமருக்குச் சாதகமாகப் பேச விரும்பும் மாணவரை எதிர்த்தரப்பில் போடுங்கள், மற்றவரை மாற்றிப் போடுங்கள். தன் விருப்பத்துக்கு மாறான பக்கத்தில் நின்று வாதாடுபவர்தான் பிரிவின் சொற்களைத் துருவிப் பார்ப்பார். ஏற்கெனவே நம்புவதைப் பேசுபவருக்கு வாசகத்தின் உதவி தேவைப்படுவதில்லை.

வாதங்கள் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கும்போது வரலாற்றிலிருந்து ஒரு தகவலை உள்ளே விடுங்கள்: காலியிடத்தை மூன்று மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது, 1965இல் அது நீக்கப்பட்டது. ஒரு தரப்பு, விதியை நீக்கியதே பிரதமருக்கு விருப்புரிமை கொடுக்கத்தான் என்று பிடித்துக்கொள்ளும். மறுதரப்பு, நீக்கப்பட்டது காலக்கெடு மட்டும்தான், நிரப்பும் கடமை நீக்கப்படவில்லை என்று சொல்லும். சட்டத்தின் வரலாற்றை இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுக்கும் இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படக்கூடாது. கால் மணி நேரம் போனாலும் போகட்டும்.

நீதிபதிகளாக அமர்ந்த மாணவர்கள் முடிவைச் சொன்ன பிறகே உண்மையான தீர்ப்பைச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றம், இடைத்தேர்தல் நடத்துவதும் நடத்தாததும் பிரதமரின் விருப்புரிமைக்கு உட்பட்டவை என்றது. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலியிடத்தை நிரப்பும் கடமை பிரதமருக்கு உண்டு, எப்போது என்பதில்தான் அவருக்கு விருப்புரிமை, அதையும் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்று அது விளக்கியது. இத்தனைக்கும் அந்தப் பெண்மணியின் மேல்முறையீடு தள்ளுபடியானது. 2012 மே 26 அன்றே இடைத்தேர்தல் நடந்துவிட்டதால், வழக்காடும் தகுதி அவருக்கு இல்லாமல் போயிருந்தது. வழக்கில் தோற்றவர் சட்டத்தை எல்லாருக்குமாகத் தெளிவுபடுத்திவிட்டார் என்பது மாணவர்களைச் சிந்திக்க வைக்கும். வழக்காடும் தகுதி என்ற கருத்தைத் தனியாக நடத்த வேண்டிய தேவையும் இதனால் இல்லாமல் போகிறது.

நேரம் மிஞ்சினால் இன்னொரு கேள்வியைப் போடுங்கள். 2023இல் தர்மன் சண்முகரத்னம் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து (பல உறுப்பினர்கள் ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தொகுதி) விலகியபோது ஏன் இடைத்தேர்தல் நடக்கவில்லை? ஹவ்காங் தீர்ப்பை இப்போதுதான் படித்த மாணவர்கள், நடந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். குழுத்தொகுதியின் எல்லா உறுப்பினர்களும் விலகினால்தான் இடைத்தேர்தல் ஆணை பிறப்பிக்கப்படும் என்கிறது நாடாளுமன்றத் தேர்தல் சட்டம். 2017இல் மார்சிலிங்–இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து ஹலிமா யாக்கோப் விலகியதையொட்டி எழுந்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் 49ஆம் பிரிவை அதற்கு இசைவாகவே பொருள்கொண்டது. 1988இல் குழுத்தொகுதி முறை வந்தபோது 49ஆம் பிரிவின் வாசகம் மாறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். அங்கிருந்து அடுத்த வகுப்பு தானாகத் தொடங்கும்.

எண்ண வைக்கும் பாடம்: ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தல்

இதற்குப் பலகையும் எழுதுகோலும் போதும். கடந்த ஐந்து தவணைகளில் ஒரு சமூகத்தைச் சேர்ந்த எவரும் அதிபராக இருந்திராவிட்டால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும் என்று 2016இல் சேர்க்கப்பட்ட 19பி பிரிவு சொல்கிறது. 2017 தேர்தலுக்கு முந்தைய தவணைகளைப் பின்னோக்கி எழுதச் சொல்லுங்கள்: டோனி டான், எஸ். ஆர். நாதன் இரு தவணை, ஓங் டெங் சியோங், வீ கிம் வீ. ஐந்து ஆகிறது. ஆனால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங் அல்லவா, எண்ணிக்கை அவரிடமிருந்து தொடங்க வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். முன்னாள் அதிபர் வேட்பாளர் டான் செங் போக் நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்வி அதுதான். எந்தத் தவணையிலிருந்து எண்ணுவது என்பதை நாடாளுமன்றமே சட்டத்தில் குறிப்பிடலாம் என்று அரசமைப்புச் சட்டம் அனுமதிப்பதால், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒதுக்கீடு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் வகுப்பு பாயத் துடிக்கும். அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி, என்ன சொல்ல வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுபவருக்கு இரண்டிலும் தெளிவு பிறக்காது.

நமக்கு மிக நெருக்கமான பாடம்: தைப்பூசம்

தமிழ் மாணவர்கள் நிறைந்த வகுப்பில் 15ஆம் பிரிவைத் தைப்பூசம் இல்லாமல் நடத்த முயல்வது வீண். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடந்தவர்கள், பால்குடம் தூக்கியவர்கள், அவர்களுக்குத் துணையாகப் போனவர்கள் என்று வகுப்பில் பாதிப்பேராவது இருப்பார்கள். ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு 1973 முதல் இருந்துவந்த தடையை எதிர்த்து 2015இல் மூவர் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள், வழக்கைத் தொடர அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இங்கே மாணவர்களின் மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஆசிரியர் மறக்கக்கூடாது. அதைக் கண்டிக்காமலும் தூண்டாமலும், 15ஆம் பிரிவை முழுமையாகப் படிக்க வையுங்கள். முதல் உட்பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதைப் படித்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். நான்காம் உட்பிரிவையும் படிக்கச் சொல்லுங்கள்: பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கநெறி ஆகியவை தொடர்பான பொதுச் சட்டத்துக்கு முரணான எந்தச் செயலையும் இப்பிரிவு அனுமதிக்கவில்லை. உரிமை தரும் வரியையும் அதற்கு எல்லை போடும் வரியையும் சேர்த்துப் படிக்காதவர், பிரிவைப் படித்தவராகமாட்டார். 14ஆம் பிரிவின் பேச்சுரிமையும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. பொய்ச் செய்திகளுக்கு எதிராக 2019இல் வந்த பொஃப்மா சட்டத்தைப் பற்றிய வகுப்புக்கு இந்தப் பயிற்சியை அப்படியே எடுத்துச் செல்லலாம்.

அடுத்து கட்டாயம் எழும் கேள்வி, சிங்க நடனத்துக்கு முரசு ஒலிக்கும்போது நமக்கு மட்டும் ஏன் தடை என்பதாகும். இது சமத்துவத்தைப் பற்றிய 12ஆம் பிரிவின் கேள்வி என்று அடையாளம் காட்டுங்கள். ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே நிலையில் இருப்பவையா, வேறுபடுத்தியதற்கு ஏற்கத்தக்க காரணம் இருக்கிறதா என்ற இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஊர்வலத்தின் நீளம், கூட்டம், நேரம், சாலைப் பயன்பாடு, அது சமய நிகழ்வா சமூக நிகழ்வா என்று மாணவர்களே பட்டியல் போடுவார்கள். அநீதி என்று மனத்தில் பட்டதை நீதிமன்றம் எடைபோடக்கூடிய வாதமாக வடிவமைக்கக் கற்றுக்கொள்வதே இங்கே பாடம். வாதம் வென்றாலும் தோற்றாலும் அந்தத் திறமை அவர்களிடம் தங்கும்.

இதன் பிறகு நடந்ததையும் விட்டுவிடக்கூடாது. 2016 தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையின் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாற்றம் வந்த வழி தீர்ப்பு அல்ல; இந்து அறக்கட்டளை வாரியமும் அதிகாரிகளும் நடத்திய பேச்சுதான். நீதிமன்றம், நாடாளுமன்றம், நிர்வாகம் ஆகிய மூன்று வாசல்களில் எந்தக் கோரிக்கையை எங்கே எடுத்துச் செல்வது என்று மாணவர்களிடம் கேளுங்கள். அதோடு சேர்த்து, 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறை நாள்களை அரசமைப்புச் சட்டம் பட்டியலிடவில்லை. அது சாதாரணச் சட்டத்தின் விஷயம், ஆகவே அந்தக் கோரிக்கை நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டியது. மனத்தில் உள்ள குறையெல்லாம் அரசமைப்புச் சட்டக் கேள்வியாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு நம் சமூகத்துக்கு வாய்க்காது.

மூத்த மாணவர்களுக்கு இதே மூன்று வாசல்களை, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவின் விவகாரத்தில் காட்டலாம். 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு, அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றம் அந்தத் தண்டனைச் சட்டப் பிரிவை நீக்கியது, கூடவே திருமணத்தைப் பற்றிய 156ஆம் பிரிவை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தது என்ற வரிசையை மட்டும் முன்வைத்து, யார் எதை யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுதச் சொன்னால் போதும். சமய நம்பிக்கையும் குடும்பச் சூழலும் குறுக்கிடும் பொருள் என்பதால், இதை வாய்மொழி விவாதமாக்காமல் எழுத்துப் பயிற்சியாக வைப்பதே நல்லது.

ஆசிரியர் எங்கே நிற்பது

மாணவர் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார். பிரிவின் பொருளைப் பற்றி ஆசிரியர் கருத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எந்தத் தீர்ப்பின் காரணம் வலுவானது, எது வலுவற்றது என்று பேசாத ஆசிரியரிடம் சட்டம் கற்க முடியாது. எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாது. மாணவர்களின் வீட்டில் யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்ற பேச்சையும் வகுப்பில் வளர விடாதீர்கள். வாக்கு இரகசியமானது. இன, சமய விஷயங்களில் வகுப்பு சூடாகும்போது பேச்சை நிறுத்தி, எல்லாரையும் ஐந்து நிமிடம் எழுதச் சொல்வது நல்ல பலன் தரும். எழுதும் கை, பேசும் வாயைவிட நிதானமானது.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மாணவர் எடுத்துவந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அது குறிப்பிடும் பிரிவையும் தீர்ப்பையும் மூலத்தில் தேடி, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். சட்டங்கள் அனைத்தும் அரசாங்கத்தின் சட்ட இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாடாளுமன்ற உரைகளின் பதிவுகளும் அப்படியே. 53ஆம் பிரிவு நாடாளுமன்றத்தில் தமிழிலும் விவாதிக்க இடம் தருவதால், தமிழில் ஆற்றப்பட்ட உரைகளையும் தேடி எடுக்கச் சொல்லலாம்.

தீர்ப்பு வாசிப்பு பலரை மிரட்டும். நூறு பக்கத் தீர்ப்பை முழுதும் கொடுக்க வேண்டாம். அறிமுகப் பத்திகள், நீதிமன்றம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கேள்விகள், முடிவுரை ஆகியவற்றை மட்டும் முதலில் கொடுங்கள். அதைப் படித்த பிறகு, நடுவில் எந்தப் பகுதியைப் படித்தால் தங்கள் சந்தேகம் தீரும் என்று மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஹவ்காங் தீர்ப்பில் பெரும்பாலோர் காலக்கெடு பற்றிய பகுதிக்குத்தான் போவார்கள்.

மதிப்பீட்டுக்குத் தேர்வுத்தாள் தேவையில்லை. வாரம் ஒரு செய்தியைத் தமிழ் முரசிலிருந்தோ செய்தி இணையத்தளத்திலிருந்தோ எடுத்து, அதில் செயல்பட்ட அமைப்பு எது, அதற்கு அதிகாரம் தந்த சொற்கள் எந்தப் பிரிவில் உள்ளன, அந்த அதிகாரத்தின் எல்லை எங்கே இருக்கிறது, மறுத்துக் கேட்க விரும்புபவர் எங்கே போக வேண்டும் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தீர்ப்போ சட்டத் திருத்தமோ வரும் நாளில், அதை எழுதிய மாணவரிடமே கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்து, தம் விடையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.